கழன்று விழ வேண்டிய கிளவுஸ்

எங்கள் வீட்டு மாடியில் ஒரு ரூம் உண்டு. அப்பா தோல் டேனரி வேலையிலிருந்து நின்றபோது கட்டியது. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் வேலூர் ஆஸ்பத்திரி என்பதால் அந்த ரூம் காலியாகக் கிடந்ததே இல்லை. வைத்தியத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் மாறி மாறித் தங்குவார்கள். போன வருஷம் வெயில் உச்சத்தில் இருந்தபோது அந்தமானிலிருந்து ஒருவர் வந்தார். வலது கையில் முழங்கை வரை கட்டு, இடது தோளில் பை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் இருப்பார். பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். பிறந்து வளர்ந்ததெல்லாம் போர்ட் பிளேர். தமிழ்தான் பேசுவார், நடுநடுவே இந்தி வந்து விழும்.

அம்மா முதல் நாளே கேட்டுவிட்டாள்.

“கையில இன்னாப்பா ஆச்சு?”

“மீன் இழுத்துருச்சும்மா.”

“மீனா? எம்மாம் பெரிய மீனு?”

அவர் மாடிப்படியில் நின்றபடியே தெருமுனை ஷேர் ஆட்டோவைக் காட்டினார். “அத விட நீளம்.”

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். ஆள் ஒரு மாதிரி, கதவைச் சாத்தி வை என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

அவர் சொன்னது பொய்யில்லை என்று போனில் வீடியோ காட்டியபோதுதான் தெரிந்தது. அவர் வேலை பார்த்த போட் வலை போடுகிற போட் இல்லை. பெங்களூரிலிருந்தும் மும்பையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்து, நாள் வாடகைக்கு அந்த போட்டை எடுத்துக்கொண்டு ஆழ்கடலுக்குப் போவார்கள். அவர்கள் தேடிப் போவது இரண்டு மீன்களை. ஒன்று மயில் மீன். முதுகில் பாய் மாதிரி நீலத் துடுப்பை விரித்துக்கொண்டு தண்ணீருக்கு மேலே எழும்பும். இன்னொன்று மார்லின், ஊர்க்காரர்கள் கொப்பரன் என்பார்கள். மூக்கில் ஈட்டி, உடம்பு முழுக்க பலம். போட் ஓடிக்கொண்டே இருக்கும், பின்னால் கொக்கி மாட்டிய பொம்மை மீன்கள் துள்ளிக்கொண்டே வரும். மீன் மாட்டினால் கெஸ்ட், அதாவது போட்டை எடுத்தவர், நாற்காலியில் உட்கார்ந்து தூண்டில் ராடைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவார். கடைசியில் மீன் போட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் ஒரு போட்டோ. அப்புறம் கொக்கியைக் கழற்றி மீனைக் கடலிலேயே விட்டுவிடுவார்கள்.

வீடியோவை அம்மாவும் என் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மயில் மீன் வாலை ஒரு வீசு வீசி மறைந்ததும் அவளுக்குத் தாங்கவில்லை.

“அய்யய்யோ, உட்டுட்டாங்களே! தவறிப் போச்சா?”

“இல்லம்மா, அவங்களேதான் விட்டாங்க.”

“அவ்ளோ செலவு பண்ணி, அவ்ளோ தூரம் போயி, புடிச்சி… உடறதுக்கா?”

“ஆமாம்மா.”

“ஒரு துண்டு கூட எடுக்கலியா?”

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அன்றிலிருந்து எனக்கு அவர் அண்ணன், அம்மாவுக்கு “மீன உடற பையன்”.

அந்த போட்டில் அண்ணனுடைய இடம் பின்பக்கம், தண்ணீரை ஒட்டி. தூண்டில் கயிற்றின் கடைசிப் பகுதி, மீனை ஒட்டிய நாலைந்து ஆள் நீளம், தடித்த நைலான். அதற்கு லீடர் என்று பெயர். அது ராடின் நுனிக்கு வந்துவிட்டால் அதற்குமேல் கெஸ்டால் சுற்ற முடியாது. ஒருவர் குனிந்து அந்த லீடரைக் கையால் பிடித்து, உள்ளங்கையில் ஒரு சுற்று, இரண்டு சுற்று சுற்றி, மீனைப் போட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். அண்ணன்தான் அந்த ஒருவர். மீன் சும்மா வந்தால் சரி. திடீரென்று பாய்ந்தால் அந்த நொடியே கையை விரித்துவிட வேண்டும். சுற்று தானாக அவிழ்ந்து போகும். கை அடிபட்ட அன்றைக்கு கொப்பரன் போட்டுக்கு அடியில் பாய்ந்திருக்கிறது. சுற்று அவிழவில்லை. மோதிர விரலும் சுண்டு விரலும் நரம்பு அறுந்து தொங்கின.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. அண்ணனுக்குக் கவலை வேறு. அடுத்த சீசனுக்கு வா, லீடர் பிடிக்க முடிந்தால் உன் இடம் உனக்கு என்று கேப்டன் சொல்லியிருந்தார். முடியாவிட்டால் கரையில் இருந்து போட் கழுவலாம், டீசல் நிரப்பலாம்.

“கரையில நிக்கிறதுன்னா தம்பி,” என்று ஒருநாள் மொட்டை மாடியில் சொன்னார், “போட் கிளம்பும்போது கயிற அவுத்து விடணும். சாயங்காலம் வந்ததும் கட்டணும். நடுவுல என்ன நடந்துச்சுன்னு அடுத்தவன் சொல்லித்தான் கேக்கணும்.” அதைச் சொல்லும்போது ஆஸ்பத்திரியில் கொடுத்த களிமண் மாதிரியான உருண்டையைப் பிசைந்துகொண்டே இருந்தார். மூன்று விரல் அதில் அழுந்தியது. இரண்டு விரல் சும்மா தொட்டுக்கொண்டிருந்தது.

“அண்ணா, நான் கிளவுஸ் கம்பெனியிலதான் வேல செய்றேன். உங்களுக்கு ஒண்ணு செஞ்சி தர்றேன்” என்றேன்.

அதில் பெருமை கலந்திருந்தது உண்மை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான்தான். அதற்குமேல் தோல் டெக்னாலஜியில் டிப்ளமோ. காலையில் கம்பெனி பஸ் ஏறி, பள்ளிகொண்டா தாண்டி ஆம்பூர் போய், ஏசி ரூமில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கிளவுஸ் பேட்டர்ன் வரைகிறேன். பைக் ஓட்ட, குதிரை ஓட்ட, பனியில் சறுக்க. எல்லாம் நான் பார்க்காத ஊரில், நான் பார்க்காத கைகளுக்கு. அளவு மெயிலில் வரும். ஒரு கையை நேரில் வைத்துக்கொண்டு நான் வரைந்ததே இல்லை.

சூப்பர்வைசரிடம் கேட்டேன். மிச்சம் விழுந்த தோலில் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றார். சாம்பிள் ரூமில் தைக்கிற அக்கா ஒருவர் இருக்கிறார், பேரணாம்பட்டிலிருந்து வருகிறவர். சாப்பாட்டு நேரத்தில் தைத்துத் தருகிறேன் என்றார். “யாருக்குடா? லவ்வரா?” என்றார். மீன் பிடிக்கிற அண்ணனுக்கு என்றதும், “அதான பாத்தேன், இவ்ளோ பெரிய கை” என்றார்.

எனக்குத் தெரிந்த நல்லதை எல்லாம் அந்த முதல் கிளவுஸில் வைத்தேன். வெள்ளாட்டுத் தோல். உள்ளங்கையில் வழுக்காமல் இருக்க சொரசொரப்பான பக்கத்தை வெளியே வைத்து ஒரு ஒட்டு. மணிக்கட்டில் எலாஸ்டிக், அதன்மேல் வெல்க்ரோ பட்டி. எங்கள் கம்பெனியில் கிளவுஸைச் சோதிப்பதற்கு ஒரு பழக்கம் உண்டு. மாட்டிக்கொண்டு கையைக் கீழே தொங்கவிட்டு உதற வேண்டும். கழன்று வந்தால் அது ரிஜெக்ட். என்னுடையது அசையவே இல்லை.

அண்ணன் இடது கையால் அதை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் மாட்டவில்லை.

“ஏண்ணா?”

“நாளைக்கு ஞாயித்துக்கிழமதான? உன் தோஸ்த் ஒருத்தன் டிவிஎஸ் வெச்சிருக்கான்ல, வரச்சொல்லு. ஆத்துக்குப் போவோம்.”

பாலாற்றில் மணல் மட்டும்தான் இருந்தது. தோஸ்த் மொபெட்டை மணலில் தள்ளிக்கொண்டு வந்தான். கேரியர் கம்பியில் நைலான் கயிற்றின் ஒரு முனையைக் கட்டினார் அண்ணன். மறுமுனையை என்னிடம் நீட்டினார்.

“கிளவுஸ நீ மாட்டிக்க. நீதான் இன்னிக்கு டெக்குல. இவன்தான் கொப்பரன்.”

“நான் இன்னா பண்ணணும்?” என்றான் தோஸ்த்.

“மொதல்ல மெதுவா போ. அப்புறம் திடீர்னு முறுக்கு.”

“அவ்ளோதானா? கொப்பரன்னா ஈஸியா கீது.”

உள்ளங்கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டேன். கட்டை விரல் பக்கமிருந்து எப்படிச் சுற்ற வேண்டும் என்று அண்ணன் காட்டினார். மொபெட் மெதுவாக நகர்ந்தது. கயிறு விறைத்தது. கிளவுஸ் அதை உடும்பு மாதிரி பிடித்துக்கொண்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம் தோஸ்த் முறுக்கினான். நான் கையை விரித்தேன். விரித்தேன் என்றுதான் நினைத்தேன். சொரசொரப்பான ஒட்டு கயிற்றை விடவில்லை, மணிக்கட்டு எலாஸ்டிக் கிளவுஸை விடவில்லை. அடுத்தது மணல். வாய், மூக்கு, சட்டைப் பை எல்லாம் மணல். திரும்பிப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டிருந்த தோஸ்த், அண்ணன் கத்திய கத்தலில்தான் பிரேக் பிடித்தான்.

அண்ணன் ஓடி வந்து என் கையைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும்தான் உட்கார்ந்தார். “அரே, மொபெட்டுக்கே இப்டின்னா…” என்றார். என் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அன்றைக்குக் கடலில் என்ன நடந்தது என்று என் உடம்புக்கு அப்போதுதான் புரிந்தது. வீடியோ பார்த்தும் புரியாதது, ஆற்று மணலில் புரிந்தது.

வீடு திரும்பும்போது எனக்கு ஒன்று தெளிவாகியிருந்தது. நான் பிடிப்பதற்கு கிளவுஸ் செய்திருந்தேன். அண்ணனுக்கு வேண்டியது விடுவதற்கு. பிடிக்க அவருக்கு மூன்று நல்ல விரல் போதும். மற்ற இரண்டும் மடங்கும். ஆனால் நிமிர நேரம் எடுக்கும். அந்த நேரம்தான் கடலில் இல்லை.

அதற்குப் பிறகு அந்த வெயில் காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகள் ஆற்றில்தான் போயின. சாயங்காலங்களில் அண்ணன் கையை மேசைமேல் வைத்துக் கொடுப்பார், நான் தாளில் வரைவேன். தழும்பு எங்கே உப்பியிருக்கிறது, தையல் எங்கே உரசும் என்று அவரே பேனாவால் கோடு போட்டுக் காட்டுவார். ஆஸ்பத்திரியில் அவருக்கு விரல்களை நிமிர்த்தி வைக்க ரப்பர் பேண்ட் மாட்டிய ஒரு பட்டை கொடுத்திருந்தார்கள். அது மேசையில் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அக்காவிடம் போய், “அக்கா, மணிக்கட்டு எலாஸ்டிக்கப் பிரிச்சிடலாம். அத இங்க தைக்கணும்” என்று சுண்டு விரலின் முதுகைக் காட்டினேன்.

“விரலுக்கு முதுகுல எலாஸ்டிக்கா? நான் இருவது வருஷமா தைக்கிறேன், யாரும் கேட்டதில்ல.”

“விரல் தானா நிமிரணும்க்கா.”

அக்கா தன் சுண்டு விரலை மடக்கி நிமிர்த்திப் பார்த்தார். “மணிக்கட்டுல இல்லன்னா உதறினா கழண்டுடுமே?”

“கழலணும்க்கா. அதுதான் வேணும்.”

“ஆக மொத்தம் ரிஜெக்ட் பீஸ் ஒண்ணு தைக்கச் சொல்ற” என்றார். அன்றைக்கு அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததை நான் பார்க்கவில்லை. இரண்டு விரலையும் சேர்த்து ஒரே உறை, முதுகில் எலாஸ்டிக், உள்ளங்கையில் தோலின் வழவழப்பான பக்கம், மணிக்கட்டில் அகலமான வாய். மணி அடிப்பதற்குள் முடித்துவிட்டார். அந்த அக்காவுக்கு நான் எப்போதும் கடமைப்பட்டவன்.

கடல் தண்ணீரின் உப்பு இன்னொரு தொல்லை. அம்மாவின் கல்லுப்பை ஒரு பக்கெட் தண்ணீரில் கரைத்து, கிளவுஸை ஊறப் போட்டு, மாடியில் காய வைத்தேன். அப்பளமாகிவிட்டது. தட்டினால் சத்தம் வந்தது.

“இன்னாடா இது, ஊறுகா போட்டுக்கினு கீறியா?” என்றாள் அம்மா. “உப்பு டப்பா காலி.”

அப்பா பேப்பரிலிருந்து தலை தூக்காமல், “நம்ம ஊர்ல தோலுக்கும் உப்புக்கும் பேஜார் இன்னிக்கா நேத்தா?” என்றார். பச்சைத் தோல் உப்பில்தான் வரும். அதைக் கழுவிக் கழுவித்தான் அவர் வயது போனது. பிறகு, மழையில் பைக் ஓட்டுகிறவர்களுக்காக வந்த ஒரு ஆர்டரில் மிஞ்சிய தோல் கிடைத்தது. நனைந்து காய்ந்தாலும் விறைக்காதது. அக்கா மறுபடி தைத்தார்.

ஆற்றில் முதலில் நான்தான் மாட்டிக்கொண்டேன். அண்ணனுடைய விரல் மாதிரி ஆக வேண்டும் என்று என் இரண்டு விரலையும் பிளாஸ்திரியால் சுற்றிக்கொண்டேன். தோஸ்த் முறுக்கினான். கை விரிந்தது. கயிறு வழுக்கிக்கொண்டு போனது. நான் நின்றுகொண்டிருந்தேன். பத்துத் தடவை செய்தோம். இரண்டு தடவை கயிறு மாட்டியது. அந்த இரண்டு தடவையும் கிளவுஸ் உருவிக்கொண்டு போய் மணலில் விழுந்தது, என் கை என்னிடம் இருந்தது. தோஸ்த் ஒவ்வொரு தடவையும் போய் அதை எடுத்துக்கொண்டு வந்து, “உன் கை கீழ வுழுந்துடுச்சி, இந்தா” என்பான்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற மேடம் கிளவுஸை வாங்கிப் பார்த்தார். விரலின் முதுகைத் தொட்டு, எலாஸ்டிக்கை இழுத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் லூசாக வையுங்கள் என்றார். வைத்தோம். இனி இழுத்துப் பார்க்கலாம் என்று அவர் சொன்ன பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தானே மாட்டிக்கொண்டார்.

கயிற்றைச் சுற்றினார். காலை அகட்டி நின்றார். தோஸ்த் மொபெட் மேல் ஏறி உட்கார்ந்தான். அவ்வளவுதான், அண்ணனுடைய கை விரிந்து கயிறு கீழே விழுந்தது. மறுபடி சுற்றினார். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை பாதிச் சுற்றிலேயே கை விரிந்துவிட்டது. வேர்வை தாடையில் சொட்டியது. நான் செய்த கிளவுஸில் பயத்துக்கு ஒரு வழியும் இல்லை. மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தோஸ்த் தலையை மட்டும் திருப்பி, “அண்ணா, மீனு இன்னும் கிக்கரே அடிக்கல” என்றான்.

அப்புறம் அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். உட்கார்ந்து சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, “சரி, கிக்கர அடி” என்றார். மொபெட் நகர்ந்தது. கயிறு விறைத்தது. அண்ணன் பிடித்தார், முதுகை வளைத்து, ஒரு கை மாற்றி ஒரு கை, கேரியரைத் தன் பக்கம் இழுத்தே விட்டார். தோஸ்த் முறுக்கினான். கை பூ மாதிரி விரிந்தது. நாங்கள் மூன்று பேரும் போட்ட சத்தத்தில் பாலத்தின் மேல் போன பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

மழைக்கு முன்னால் அண்ணன் கிளம்பினார். வலது கைக்கே இரண்டு கிளவுஸ் கொடுத்தனுப்பினேன். அம்மா காட்பாடி ஸ்டேஷன் வரை வந்தாள். “பாத்து பத்திரம். மீன உட்டாலும் பரவால்ல, நீ உட்டுடாத உன் கைய” என்றாள்.

சீசன் ஆரம்பித்ததும் வாய்ஸ் மெசேஜ் வரத் தொடங்கியது. கேப்டன் முதல் வாரம் பக்கத்திலேயே நின்றாராம். முதலில் சின்ன மீன்கள், அப்புறம் ஒரு மயில் மீன். அந்த வீடியோவில் கெஸ்டின் சின்ன மகள் கத்துகிறாள், நீலத் துடுப்பு விரிகிறது, ஓரத்தில் நாங்கள் தைத்த பழுப்பு கிளவுஸ் தெரிகிறது. அக்காவிடம் காட்டினேன். அவர் மீனைப் பார்க்கவில்லை. “அந்தத் தையலு நல்லாத்தான் கீது” என்றார். ஆனால் கொப்பரன் பற்றி அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவருக்கும் எனக்கும் தெரியும், அது வந்தால்தான் பதில்.

போன மாதம் ஒரு மத்தியானம், கேன்டீனில் இருந்தபோது போன் வந்தது. காற்றும் இன்ஜினுமாக ஒரே இரைச்சல்.

“தம்பி, கிளவுஸ் போச்சு!”

சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். “என்னண்ணா ஆச்சு?”

“கொப்பரன்டா! பெங்களூர் பார்ட்டி. லீடர் கைக்கு வந்துருச்சு, ரெண்டு சுத்து சுத்திட்டேன். அப்டியே போட்டுக்கு அடியில பாஞ்சான். அதே மாதிரி, அன்னிக்கு மாதிரியே. சுத்து மாட்டிக்கிச்சு…”

“அண்ணா, கை?”

“கேளு மொதல்ல. மாட்டிக்கிச்சு, கிளவுஸ அப்டியே உருவிக்கிட்டுப் போய்ட்டான். உன் கிளவுஸ் இப்ப கடலுக்கு அடியில கெடக்கு. கொக்கி கழலல, அப்புறம் இன்னொரு தடவ வந்தான், ரெண்டாவது கிளவுஸ மாட்டிக்கிட்டுப் புடிச்சேன். போட்டோ எடுத்துட்டு விட்டுட்டோம், இப்பத்தான் டவர் கெடச்சுது.”

“அண்ணா, கை எப்டி இருக்குன்னு சொல்லுங்கண்ணா.”

“அந்தக் கையிலதான்டா போன் புடிச்சிருக்கேன்.”

எதிரே உட்கார்ந்திருந்த அக்கா சைகையில் என்ன என்று கேட்டார். நான் கையை உயர்த்தி, கிளவுஸ் கழன்று போகிற மாதிரி காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே டப்பாவை மூடிவிட்டு எழுந்தார்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். “அப்ப அந்த மீனு கிளவுஸ் போட்டுக்கினா சுத்துது?” இல்லம்மா, அது எப்பவோ கழண்டு விழுந்திருக்கும் என்றேன். நல்லதுதான் என்றாள்.

இதுவரை நான் வரைந்த எத்தனையோ கிளவுஸ் கப்பலேறிப் போயிருக்கிறது. எது யார் கையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் எங்கே இருக்கிறது என்று தெரியும். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அக்கா மெஷினுக்கு எண்ணெய் விட்டுவிட்டு, “ரிஜெக்ட் பீஸ் எத்தன வேணும்?” என்றார். வலது கைக்கு நாலு வெட்டிக் கொடுத்தேன்.